ஈரத் துணி சுற்றிய வாளி

மின்விசிறி நின்றதைச் சுலோச்சனாவின் கழுத்துதான் முதலில் அறிந்தது. பிடரியில் ஒரு வேர்வைத் துளி புறப்பட்டு, முதுகுப் பள்ளத்தில் நிதானமாக இறங்கியது. அதன் பிறகுதான் வீடு சத்தமில்லாமல் போனது காதுக்கு எட்டியது. ஃபிரிட்ஜின் உறுமல் இல்லை. கூடத்து மூலையில் ஸ்டாண்டு ஃபேன் சோம்பலாகச் சுற்றி ஓய்ந்தது. அந்த ஃபேன் அவளுக்காக ஓடியதல்ல. அதன் முகம் மூலையிலிருந்த வாளியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் டப்பில் பாதித் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே மூடி போட்ட வெள்ளை வாளி, வாளியைச் சுற்றி அவளுடைய பழைய பருத்திச் சேலை. சேலையின் நுனிகள் தண்ணீரில் தொங்கி ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்தன. காற்றடித்தால் ஈரம் ஆவியாகும், ஆவியானால் வாளி குளிரும். அப்படித்தான் மகன் பரணி சொல்லியிருந்தான். வாளிக்குள் இருந்தது பீர். பீர் ஆகவேண்டியது என்று சொல்லலாம். இன்னும் வெறும் இனிப்புக் கஷாயம்தான். காற்று நின்றுவிட்டதே என்று அவள் அவசரமாக எழுந்து, சுவரில் மாட்டியிருந்த ஜவுளிக்கடை விசிறியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாளிக்கு விசிறத் தொடங்கினாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். கத்திரி வெயிலில், சுற்றிலும் பாறை மலைகள் அடுப்புக் கல் மாதிரி காய்கிற வேலூரில், ஹவுசிங் போர்டு வீட்டு மாடியில், ஒரு பெண்பிள்ளை தன் முகத்தில் வேர்வை வழிய வழிய ஒரு வாளிக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கட்டும். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு விசிறுவதற்கும் இதற்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. கை பாட்டுக்குப் போய் வருகிறது. நெற்றியில் ஈரத்துணி போட்டு, அது சூடாகிவிட்டால் திருப்பிப் போட்டு, பரணிக்கு டைபாய்டு வந்தபோது இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது வாங்கிய தெர்மாமீட்டர்தான் இப்போது வாளியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. இவர்தான் கட்டினார். காலையும் மாலையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, “சுலோ, வாளிக்கு லேசா ஜொரம் அடிக்குது” என்பார். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான்.

அவர் உள்ளறையில் படுத்திருந்தார். அவள் புருஷன் ஏகாம்பரம், போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாண்டில் மைக் இல்லாமலே ஆற்காடு, ராணிப்பேட்டை என்று குரல் கொடுத்த தொண்டை. தை மாதம் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் பரணியின் பைக் மோதியதிலிருந்து அந்தத் தொண்டையில் பூட்டு. காரியத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “தம்பி கொஞ்சம் சாப்ட்டிருந்துதா?” சாப்பிட்டிருந்தானா என்றால் சோறு அல்ல. பெங்களூரில் வேலை, வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற பையன் என்று எல்லோருக்கும் தெரியும். இவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். இல்லீங்க, பரிசோதனையில ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. இல்லீங்க, ஒரு சொட்டு இல்ல. சொல்லிச் சொல்லி, கடைசி ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிய பிறகு, சொல்வதற்கு வேறு வார்த்தை இல்லாதவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார். அந்த வாயைத் திறந்தது இந்த வாளிதான். விசிறிக் காற்று சேலையில் பட்டு ஈர வாசனையாகத் திரும்பி வந்தது. கை வலித்தது. இன்னொரு கைக்கு மாற்றினாள். வலது கையிலிருந்து இடது கைக்கு. வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள், நகக் கண்ணில் இன்னும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மாவு. முந்தானையில் துடைத்தாள். போகவில்லை.

பரணியின் சாமான்களை அவனுடைய சினேகிதன் ஜெரால்டு டெம்போவில் கொண்டுவந்தான். கட்டில், புத்தகம், ஹெல்மெட் கூட. எல்லாவற்றையும் இறக்கிய பிறகு, ஐஸ் போட்ட டப்பாவிலிருந்து கடைசியாக ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினான். அடியில் வெள்ளை வண்டல், மேலே மங்கலான தண்ணீர். “அங்கிள், இது பரணியோட ஈஸ்ட். ரெண்டு மூணு வருஷமா அவனே வளர்த்தது. இது உயிரோட இருக்கு. ஃபிரிட்ஜிலயே வைங்க, தூங்கிட்டு இருக்கும். ரொம்ப நாள் பட்டினி போட்டா செத்துரும். ஒரு தடவை காய்ச்சி ஊட்டிவிட்டா மறுபடி பெருகும்.” உயிரோட இருக்கு என்ற சொல் அந்த வீட்டில் விழுந்த விதத்தை அவள் மறக்கமாட்டாள். இவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையிலிருந்து வாங்கியபோதும் இப்படித்தான், முகத்தைப் பார்க்காமல் கால் விரல்களை எண்ணினார். அதிலிருந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவர் பார்வை முதலில் பாட்டிலுக்குப் போகும். அவளுடைய இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் அவள் பாத்திரத்தை நகர்த்தியபோது, “மெதுவா, இடிக்கப் போற” என்றார். பீர் வாசனையே ஆகாத மனுஷன். முதன்முதலில் பரணி தீபாவளிக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து ஒரு கரண்டி கொடுத்தபோது, நாக்கில் வைத்துவிட்டு, “வேப்பெண்ணெய்ல ஊற வெச்ச சோடா” என்றார். “அப்பா, அது பாராட்டா, திட்டா?” என்று அவன் கேட்டான். “இன்னொரு கரண்டி ஊத்து, சொல்றேன்.” அப்படிச் சிரித்தார்கள் இரண்டு பேரும். அவள் சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டே அதைக் கேட்டாள். முறுக்கு எண்ணெயில் சீறியது. அந்தச் சீறல் இப்போது எங்கிருந்து கேட்கிறது? விசிறியை நிறுத்தினாள். ஒன்றுமில்லை. உள்ளறையில் செல்போன் பேசிக்கொண்டிருந்தது.

பரணியின் குரல். சினேகிதர்களுக்காக அவன் எடுத்து வைத்திருந்த வீடியோவை இவர் போட்டுக்கொண்டே தூங்கிவிடுவார், அது முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும். “மச்சி, நம்ம ஊர்ல பீருக்கு எதிரி யாரு தெரியுமா? போலீஸ் இல்ல, வெயில். ஈஸ்ட்டுக்கு வேர்த்துச்சுன்னா வேலையக் கெடுத்துரும். அதனால ஈரத்துணி, ஃபேன், ஐஸ் பாட்டில். குழந்தைய பாத்துக்கற மாதிரி பாத்துக்கணும். ரெண்டாவது விஷயம், சுத்தம். எதையும் கொதிதண்ணில போட்டு எடு. கை மட்டும் படவே கூடாது. எங்கம்மா இருக்காங்களே, எதைப் பார்த்தாலும் கைய விட்டுக் கரைப்பாங்க...” இந்த இடத்தில் அவன் சிரிப்பான். சிரிப்பு வருவதற்குள் செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. குரல் பாதியில் அறுந்தது. சுலோச்சனா அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள், வராது என்று தெரிந்த பிறகும் காத்திருந்தாள். கைய விட்டுக் கரைப்பாங்க. ஆமாம், கரைப்பாள். மாவரைத்து உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிக் கரைத்தால்தான் மாவு பொங்கும். கரண்டியால் கலக்கினால் பிணம் மாதிரி கிடக்கும். எல்லார் கைக்கும் பொங்காது, சில பேர் கைச்சூடு அப்படி. மார்கழிக் குளிரில் எதிர் வீட்டு ஷமீம் மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். “அக்கா, உங்க கைய ஒரு தடவ உள்ள விடுங்கக்கா, எங்கூட்டு மாவு எழுந்துக்கவே மாட்டேங்குது.” இவள் கையை விடுவாள். காலையில் குண்டானைத் தாண்டி வழியும். பரணி லீவில் வந்தால் அதைப் பார்த்துவிட்டு ஆராய்ச்சி பேசுவான். “அம்மா, சூடும் இல்ல ராசியும் இல்ல. உன் கையில இருக்கற பூச்சிங்க மாவுல குடி போயிடுது. அதுங்க மூச்சு விடுதுங்க, மாவு பொங்குது. இட்லிக்கு அது சரி. என் வாளிகிட்ட மட்டும் கையக் கொண்டாராத தாயே, என் ஈஸ்ட்ட விரட்டிட்டு உன் ஆளுங்க உக்காந்துக்கும்.” கும்பிட்டுக் காட்டுவான். அவள் வேண்டுமென்றே வாளிக்கு அருகே கையைக் கொண்டுபோவாள். அவன் அலறுவான்.

இன்று விடியற்காலை அவன் அலறவில்லை. அதுதான். யாரும் அலறவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் கூட இல்லை. அவள் சமையலறையில் மாவுக்கு உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். பாதிக் கரைத்த கையோடு கூடத்துக்கு வந்து வாளியின் மூக்கைப் பார்த்தாள். மூடியில் செருகியிருக்கும் அந்த வளைந்த குழாய்க்கு அவள் வைத்த பெயர் மூக்கு. அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், உள்ளே ஈஸ்ட் வேலை செய்தால் அந்தத் தண்ணீரில் குமிழ் வரும், ஒரு நாளைக்குள் வந்துவிடும் என்று வீடியோவில் சொல்லியிருக்கிறான். இவர் ஜெரால்டிடம் கேட்டுக் கேட்டு மால்ட் பாகு வரவழைத்து, பாத்திரக் கடையில் பெரிய அண்டாவுக்குப் பேரம் பேசி, அடுப்பருகே நின்று காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலிலிருந்ததை அதில் ஊற்றினார். வீடே ஹார்லிக்ஸ் வாசனை. மறுநாள் குமிழ் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூக்குக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பஸ் வராத நாளில் டிப்போவில் உட்கார்ந்திருப்பது போல, முகத்தில் ஒன்றும் காட்டாமல். சாப்பிடக் கூப்பிட்டால், “இரு, இப்ப வந்துரும்.” நேற்று ராத்திரி தட்டைத் தொடவே இல்லை. இன்று காலை அவர் கண் அசந்த நேரம். மூக்கில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே பழுப்புத் தண்ணீர், ஒரு நுரைப் பொட்டு இல்லை. பிணம் மாதிரி கிடந்தது. அந்தச் சொல் வந்ததுதான் தாமதம், கை உள்ளே போய்விட்டது. முழங்கை வரைக்கும். கொதிதண்ணீரும் இல்லை, சோப்பும் இல்லை. அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே. எழுந்திரு என்று சொன்னாளா, நினைத்தாளா? எழுந்திருடா. வெளியே எடுத்த பிறகுதான் கையைப் பார்த்தாள். மூடியைப் போட்டு, மூக்கைச் சரியாகச் செருகி, கீழே சொட்டியதைத் துடைத்து, ஒன்றும் நடக்காதது போல் போய்ப் பால் காய்ச்சினாள்.

உண்மையில் அது செத்துத்தான் இருந்ததா? விசிறி நின்றது, மறுபடி போனது. கொஞ்சம் பொறுத்திருந்தால் தானே எழுந்திருக்குமோ? ரொம்ப நாள் தூங்கினது மெதுவாத்தான் முழிக்கும் என்று ஜெரால்டு நேற்றுக்கூடப் போனில் சொன்னான். மெதுவாக முழித்துக்கொண்டிருந்த பிள்ளை மேல் தன் ஆட்களை அவிழ்த்துவிட்டாளோ? இல்லை, இல்லை. அது முன்னமே போய்விட்டது. எப்போது போனது என்றுகூட அவளுக்குத் தெரியும், தெரிந்ததை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால்தான் கையை விட்டாள். சித்திரையில் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனார்கள். கிளம்பும்போது இவர் வழக்கம்போல் கேஸைத் திருகி, குழாயைத் திருகி, கடைசியில் ஸ்டூல் மேல் ஏறி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஊருக்குப் போகும்போது இதுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கரண்டை விட்டுவிட்டுப் போகக் கூடாது, தீப்பிடிக்கும், மீட்டர் ஓடும். தெருமுனை வரை போய், திரும்பி வந்து, பூட்டையும் மெயினையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினார். அவளும்தான் பக்கத்தில் நின்றாள், கையில் பை, பையில் எள்ளும் தர்ப்பையும். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஃபிரிட்ஜுக்குள் ஒன்று தூங்கிக்கொண்டிருப்பது, அவனுக்காகத்தான் போகிறோம் என்று நினைத்த அந்த நேரத்தில், இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அங்கே கடலில் நின்றுகொண்டு பிண்டம் கரைத்தார்கள். இங்கே அடைத்த வீட்டில், நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், இருட்டு ஃபிரிட்ஜில் அது வெந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து இவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. விட்டுப்போன மாவு பொங்கி வழிந்து, பரணியின் பாட்டில் மூடி மேல் காய்ந்து அப்பளமாக இருந்தது. புளித்த நாற்றம் முகத்தில் அறைந்தது. அவள் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு துடைத்தாள். தண்ணீரை ஒற்றி எடுத்தாள், பாட்டிலைக் கழுவினாள், மெயின் சுவிட்சைப் போட்டாள். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது ஃபிரிட்ஜ் சாதாரணமாக உறுமிக்கொண்டிருந்தது.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைக்கும்போது விசிறியின் வேகம் கூடியது. பாட்டில் செத்துவிட்டது என்று சொன்னால் ஏன் செத்தது என்று கேட்பார். ஏன் என்றால் மெயின். மெயின் என்றால் அவர் கை. ஸ்டூல் மேல் ஏறி, சரியாக இழுத்தோமா என்று இன்னொரு தடவை திரும்பி வந்து பார்த்த கை. லாரிக்காரன் கையை அவர் சபித்துக்கொள்ளலாம், சாலை போட்டவன் கையைச் சபிக்கலாம். தன் கையை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எந்த வீட்டில் இருப்பார்? மாடி வீடு. பின்பக்க ஜன்னலிலிருந்து ரயில் தண்டவாளம் தெரியும். மாசி மாதம் ஒரு நாள் சாயங்காலம் தண்டவாளத்துப் பக்கமிருந்து தனியாக நடந்து வந்தார். எங்க போனீங்க என்று கேட்டதற்கு, “சும்மா, வண்டி டைம் பார்க்க” என்றார். டைம் பார்க்கவாம். அதற்குப் பிறகு அவள் அவர் செருப்பை எண்ணாமல் தூங்கியதில்லை, வாசலில் இரண்டும் இருக்கிறதா என்று. குமிழ் வரவில்லை என்றால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு அவருக்குத் தோன்றிவிடும். டைம் கீப்பர் மூளை; பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே போய் ஸ்டூல் மேல் ஏறி நிற்கும். அதனால் வரவேண்டும். எது வந்தாலும் சரி, யாருடைய மூச்சானாலும் சரி, அந்த மூக்கில் ஒரு குமிழ். வேர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. சேலை ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. டப்பிலிருந்து தண்ணீரை அள்ளி வாளியின் தோளில் விட்டாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படாமல் கையை அணை கொடுப்பாளே, அப்படி மூக்குக்கு அணை கொடுத்து ஊற்றினாள். அந்த நேரத்தில், அணை கொடுத்த விரல்களுக்குக் கீழே, தண்ணீர் லேசாக உயர்ந்தது. உயர்ந்து, யோசித்து, ப்ளுக் என்று ஒரு குமிழ்.

அவள் கையை எடுக்கவில்லை. இன்னொன்று வந்தது. அப்புறம் ஒன்று. மனத்தில் ஏதோ ஓடிவந்து கதவைத் தட்டியது. இவரைக் கூப்பிட வாய் திறந்தாள். வாய்க்கு முன்னால் மூக்கு போய்விட்டது. குனிந்து, குழாய் விடும் காற்றை முகர்ந்தாள். முதலில் மால்ட் வாசனை. அடுத்தது காய்ச்சும்போது போட்ட ஹாப்ஸ் பூவின் பச்சைக் கசப்பு, பரணியின் சட்டைப் பையில் எப்போதும் வரும் கசப்பு. கண் கலங்கியது. ஆனால் அதற்கு அடியில் மெதுவாக ஒன்று வந்து உட்கார்ந்தது. காலையில் எழுந்து சமையலறைக் கதவைத் தள்ளி, குண்டான் மூடியைத் தூக்கும்போது முகத்துக்கு வருகிற ஆவி. உளுந்தும் புளிப்பும் கொஞ்சம் இனிப்பும். அவள் இன்னொரு தடவை முகர்ந்தாள். வேறாக இருக்கக்கூடாதா என்று முகர்ந்தாள். ஆயிரம் காலை முகர்ந்த மூக்கை ஏமாற்ற முடியுமா? இது அவன் இல்லை. அவள் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வாளியைச் சுற்றியிருந்த தன் சேலையைப் பார்த்தாள், தன் மாவு வாசனையை முகர்ந்தாள், இதில் பிள்ளையுடையது என்று பாட்டிலும் வாளியும்தான் மிச்சம். இப்போதே கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டால்? கை தவறிவிட்டது என்று சொன்னால்? நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டாண்டு ஃபேன் முகத்தில் அறைந்தது. ஃபிரிட்ஜ் குலுங்கி உறும ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

“எப்ப போச்சி கரண்ட்டு? எழுப்பியிருக்கக் கூடாதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். மூக்கு ஒரு குமிழ் விட்டது. அவர் முழங்கால் வலியை மறந்து தடாலென்று தரையில் உட்கார்ந்தார். “சுலோ.” “ம்.” “பார்த்தியா?” “பார்த்தேன்.” “எவ்ளோ நேரமா?” “இப்பத்தான்.” “மூச்சு விடறான் சுலோ” என்றார். முகம் கோணியது, அழுகையா சிரிப்பா என்று அதற்கே தெரியாத கோணல். எழுந்து போய்ச் செல்போனைச் சார்ஜில் செருகி, ஒயர் எட்டாமல் சுவரோடு சுவராகக் குனிந்து நின்றுகொண்டு ஜெரால்டைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டில் குரல் கொடுத்த அந்தப் பழைய தொண்டை. “தம்பி, உயிர் இருக்குப்பா! குமிழ் வருது!” ஸ்பீக்கரில் ஜெரால்டு கத்தினான். “சூப்பர் அங்கிள்! சொன்னேன்ல! வாசனை எப்படி இருக்கு பாருங்க, அதுலதான் தெரியும்.” இவர் போனை அப்படியே தொங்கவிட்டு வந்து மூக்கருகே குனிந்தார். சுலோச்சனா விசிறியை மடியில் இறுக்கிப் பிடித்தாள். அவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். இத்தனை வருஷமாக அவள் இட்லியைத் தின்ற ஆள். “அங்கிள்? இருக்கீங்களா?” அவர் நிமிராமலே சொன்னார். “நல்லா இருக்குப்பா. வீட்டு வாசனைதான்.”

கதவு திறந்தேதான் இருந்தது. ஷமீம் தலையை நீட்டினாள். “இன்னாக்கா, கரண்ட் வந்துச்சா உங்களுக்கு? எங்களுக்கு ஒரு லைன் இன்னும் வர்ல.” மூக்கை உறிஞ்சினாள். “இன்னா மாவு பொங்கி வழியுதா? படிக்கட்டு வரைக்கும் வாசம். இந்த வெயில்ல சீக்கிரம் உள்ள எடுத்து வைங்கக்கா, புளிச்சிப் போயிடும்.” அவள் கண் மூலையிலிருந்த வாளிக்குப் போனது, பீர் என்று சொல்லாமல் ஆப்பிள் காடி என்று அவளிடம் சொல்லி வைத்திருந்த வாளி. “அண்ணன் இன்னும் அந்த ஆப்பிள் காடிதான் போடறாரா? ஜொரம் வந்த பாப்பா மாதிரி ஈரத்துணி சுத்தி வெச்சிருக்கீங்க, கேக்கறவங்களுக்குச் சொல்லவே எனக்குச் சிரிப்பு வருது.” “ஆமாம்மா, மாவுதான்” என்றார் ஏகாம்பரம். “பொங்கிடுச்சி.” ஷமீம் அவர் முகத்தையும் இவள் முகத்தையும் பார்த்துவிட்டு, “சரிக்கா, அப்புறமா வரேன்” என்று சத்தமில்லாமல் படியிறங்கினாள். வாளி தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இவர் சமையலறைக்குப் போனார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பரணியின் ஊறுகாய் பாட்டிலையும் ஒரு கரண்டியையும் கொதிதண்ணீரில் போட்டு இடுக்கியால் எடுத்து, ஆறும்வரை பக்கத்திலேயே நின்று, வாளிக்குக் கொண்டுவந்தார். பொங்கி வரும்போது மேல் நுரையை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அடுத்த தடவைக்கு ஆகும் என்று வீடியோவில் உண்டு. மூடியைத் திறந்தார். வெள்ளை நுரை கட்டியிருந்தது. மாவு நுரைதான், சின்னச் சின்னக் கண்களாக. அவர் அதைக் கையே படாமல், ஒரு சொட்டு சிந்தாமல், அவ்வளவு கவனமாகக் கரண்டியால் எடுத்துப் பாட்டிலில் விட்டார். விரல்கள் நடுங்காமல் இருப்பதை அவள் பார்த்தாள். நடுங்கியிருந்தால் தேவலை என்று தோன்றியது. மூடியைத் திருகி ஃபிரிட்ஜைத் திறந்தார். விடியற்காலை கரைத்து வைத்த மாவுக் குண்டான் உள்ளே இருந்தது. பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றே என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்று காலையில் இட்லியாகும், ஒன்றை யாரும் எடுக்கப் போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். குளிர் அவர் சட்டையைத் தாண்டி அவள் வரைக்கும் வந்தது. அவர் கதவைச் சாத்தாமல், அவளுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

“சுலோ.”

“ம்.”

“இனிமே ஊருக்குப் போனா மெயின நிறுத்த வேணாம்.”

அவள் கையிலிருந்து விசிறி நழுவியது. எடுக்கக் குனியவில்லை. எப்போதிலிருந்து தெரியும்? தலை துவட்டிக்கொண்டு வந்த அன்றே தெரியுமா? தெரிந்துகொண்டுதான் பாகு வாங்கினாரா, அண்டாவுக்குப் பேரம் பேசினாரா, ஸ்டூலில் உட்கார்ந்து வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தாரா? அவருடைய கையும் தெரிந்துவிட்டது, அவளுடைய கையும் தெரிந்துவிட்டது. இனி ஒளித்து வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை.

“இனிமே எங்க போகப் போறோம்?” என்றாள்.

அவர் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினார். சாத்தியது சரியாகப் பதிந்ததா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். சுலோச்சனா டப்பிலிருந்து தண்ணீரை அள்ளி, வாளியின் துணியை நனைத்தாள்.